காலுள்ள திமிங்கலத்தைப் பார்க்க: அத்தையோடு எகிப்தில் ஐந்து நாள்

நாள் 1: கீசா

பிரமிடுக்கு முன்னால் எல்லோரும் அண்ணாந்து நின்றார்கள். என் அத்தை மட்டும் குனிந்து நின்றார்.

அத்தைக்கு 68 வயது. அப்பாவின் அக்கா. தேவிபட்டினத்தில் பிறந்து, இராமநாதபுரம் மாவட்டத்துப் பள்ளிகளில் 33 ஆண்டுகள் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். "திமிங்கலம் மீன் அன்று, பாலூட்டி. அதன் முன்னோர் நிலத்தில் நான்கு காலில் நடந்தவை" என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியவர். சென்ற ஆண்டு ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது திடீரென்று கையை நிறுத்தி, "எழுதினேனே தவிர, ஒரு காலையாவது கண்ணால் பார்த்தேனா?" என்றார். அந்தக் கால் எகிப்தில் ஒரு பாலைவனப் பள்ளத்தாக்கில் இருக்கிறது என்று நான் வாயை விட்டுவிட்டேன். பாஸ்போர்ட் எடுப்பதற்கு எத்தனை நாளாகும் என்று மறுநாள் காலையிலேயே கேட்டார். இதோ வந்து நிற்கிறோம்.

பெரிய பிரமிடின் அடிவரிசைக் கல் ஒன்றைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் அத்தை. ஒட்டகக்காரர்கள் இருவர் வியாபாரத்தை மறந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் குனிந்தேன். கல் முழுக்கப் பருப்புப் பருப்பாக ஏதோ பதிந்திருந்தது. சில துவரம்பருப்பு அளவு, சில பழைய காலணா அளவு. காலணா அளவில் இருந்த ஒன்று குறுக்கே உடைந்திருந்தது. உள்ளே நூல் சுற்றிய கண்டு மாதிரி சுருள் சுருளாக அறைகள். அத்தை விரலால் தடவிக் காட்டினார். நம்யூலைட் என்று பெயர். லத்தீனில் சிறு நாணயம் என்ற சொல்லிலிருந்து வந்தது. கடலடியில் வாழ்ந்த ஒரே செல் உயிர் கட்டிய ஓடு. ஒரு செல் உயிர் காலணா அளவுக்கு வீடு கட்டிக்கொண்டது என்பதை நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் இங்கே வந்த ஸ்ட்ராபோ என்ற கிரேக்கரும் இவற்றைப் பார்த்திருக்கிறார். பிரமிடு கட்டிய கூலியாட்கள் தின்று மிச்சம் வைத்த பயறுதான் கல்லாகிவிட்டது என்று உள்ளூரில் சொல்கிறார்கள் என எழுதிவைத்திருக்கிறார். கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை அதைவிடப் பெரிது. இந்தச் சுண்ணாம்புக்கல் 4 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் டெதிஸ் என்ற பழங்காலக் கடலின் அடியில் படிந்தது. அப்போது வட எகிப்து முழுக்கத் தண்ணீர். டைனோசர்கள் அழிந்து 2 கோடி ஆண்டுகள் கடந்திருந்தன.

"பிள்ளைகளிடம் கேட்டால் டைனோசர் செத்தது, அப்புறம் மாமூத் வந்தது, அப்புறம் நாம் வந்தோம் என்பார்கள்" என்று அத்தை திரும்பும் வழியெல்லாம் புலம்பினார். "நடுவில் ஆறு கோடி வருடத்துக்கு மேல் இருக்கிறதே, அதை யார் சொல்வது? பாடப் புத்தகத்தில் முக்கால் பக்கம். அதிலும் பாதி படம்."

சுண்டல் மாதிரி இருக்கிறதே என்று கொஷாரி வாங்கினோம். பருப்பு, சோறு, மக்ரோனி, கொண்டைக்கடலை, பொரித்த வெங்காயம் எல்லாம் ஒரே தட்டில். பருப்பைப் பார்த்து அத்தை சிரித்தார்.

நாள் 2: ஃபயூம்

காலை ஏழு மணிக்கு வருவதாகச் சொன்ன வண்டி பத்து மணி வரை வரவில்லை. முன்பணம் வாங்கிய பயண நிறுவனத்தின் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. கடைசியில் விடுதிக்காரர் தன் மைத்துனரைக் கூப்பிட்டார். வந்தவர் ஐம்பது வயதுக்காரர், ஃபயூமிலேயே பிறந்தவர், பாலைவனத்தில் வண்டி ஓட்டுபவர். அத்தையைப் பார்த்ததும் நெஞ்சில் கைவைத்து, "அஹ்லன், யா ஹாகா" என்றார். ஹஜ் போய் வந்த பெண்ணுக்குரிய மரியாதைச் சொல்லாம், இங்கே வயதான பெண்கள் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அத்தைக்கு அது பிடித்துவிட்டது. ஏமாந்த பணம் போனால் போகிறது என்று எனக்கும் தோன்றிவிட்டது.

கெய்ரோவிலிருந்து ஃபயூம் 100 கிலோமீட்டர் அளவில்தான். பாலை நடுவே திடீரென்று பச்சை. கோதுமை, பேரீச்சை, வாத்துகள். நைலிலிருந்து ஒரு கிளைக்கால்வாய் வந்து இந்தப் பள்ளத்தை நனைக்கிறது. வடக்கு ஓரத்தில் காரூன் ஏரி. அதன் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு 40 மீட்டருக்கும் கீழே. வடிகால் இல்லாததால் உப்பேறிக்கொண்டே போகிறது. பண்டைக்காலத்தில் இது நன்னீர், இப்போதைவிட எவ்வளவோ பெரிது. கிரேக்கர்கள் மோரிஸ் ஏரி என்றார்கள்.

அந்தப் பெயரைத்தான் ஒரு விலங்குக்கு வைத்தார்கள்: மோரிதீரியம், மோரிஸ் ஏரியின் விலங்கு. லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த சார்லஸ் ஆண்ட்ரூஸ் 1901இல் உடம்பு தேறுவதற்காக எகிப்துக்கு வந்தார். இங்கே நிலவியல் அளவைத் துறையில் இருந்த ஹக் பீட்னெலுடன் சேர்ந்து பாலைவனத்தில் அலைந்து எலும்பு பொறுக்கினார். நோய் தீர வந்தவர் செய்கிற காரியமா என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் யானைக் குடும்பத்தின் ஆதி வரலாறு உலகத்துக்குத் தெரிந்தது அப்படித்தான். மோரிதீரியம் பெரிய பன்றி அளவே இருந்தது. நீண்ட உடல், குட்டைக் கால், முறம் போன்ற காது கிடையாது, சொல்லிக்கொள்ளும்படி தும்பிக்கையும் கிடையாது. பாதி நாள் தண்ணீரில் ஊறிக்கிடந்து நீர்ச்செடி தின்றது. யானைக்குப் பாட்டன்.

மாலை ஏரிக்கரையில் துனிஸ் என்ற ஊரில் தங்கினோம். ஸ்விட்சர்லாந்திலிருந்து வந்த எவ்லின் போரே என்ற குயவர் இங்கே ஊர்ப் பிள்ளைகளுக்கு மண்பாண்டம் கற்றுக்கொடுத்தார். இப்போது தெரு முழுக்கக் குயவர்கள். அத்தை மீன் வரைந்த தட்டு ஒன்று வாங்கினார். திமிங்கலம் வரைந்ததுதான் வேண்டும் என்று முதலில் அடம்பிடித்தார், கிடைக்கவில்லை.

ஏரியைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது அத்தை ஆவுளியாவைப் பற்றிப் பேசினார். அவருடைய சின்ன வயதில் பாக் நீரிணையில் வலையில் அது சிக்கும், கரைக்கு இழுத்துவந்தால் பெண்பிள்ளை மாதிரி அழும் என்று பெரியவர்கள் சொல்வார்களாம். புத்தகத்தில் கடற்பசு என்று போட்டிருக்கும், கடற்கரையில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் புரியாது. 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில் ஆவுளியாவுக்கென்றே ஒரு பாதுகாப்பகம் அறிவித்தார்கள். "அதற்கு மடி எங்கே இருக்கும் தெரியுமா?" என்று அத்தை கேட்டார். தெரியாது என்றேன். "முன்துடுப்புக்குப் பக்கத்தில், நெஞ்சில். யானைக்கும் அப்படித்தான், முன்னங்கால்களுக்கு நடுவில். மாட்டுக்குப் பின்னால்தானே இருக்கிறது? பசு என்று பேர் வைத்தவன் மடியைப் பார்க்கவில்லை. ஆவுளியாவுக்குச் சொந்தக்காரர் யானைதான்."

நாள் 3: கத்ரானி மலை

முதலில் ஒரு திருத்தம். நேற்று மோரிதீரியத்தை யானைக்குப் பாட்டன் என்று எழுதியிருந்தேன். அத்தை காலையில் ஃபூல் என்ற மொச்சை மசியலைச் சாப்பிட்டுக்கொண்டே அதைப் படித்துவிட்டு ரொட்டியை வைத்துவிட்டார். "பாட்டன் இல்லை. பாட்டனுக்குப் பங்காளி. அந்தக் கிளை அதோடு முடிந்துபோயிற்று. இப்படி எழுதித்தான் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள்." திருத்திக்கொள்கிறேன்.

ஏரியின் வடகரையில் ஊர் இல்லை, மரம் இல்லை. படிப்படியாக உயரும் மண்மேடுகள், உச்சியில் கறுப்பாகப் பாசால்ட் பாறை. அதுதான் கத்ரானி மலை. அதற்கான அனுமதிச் சீட்டுகளை ஓட்டுநர் நேற்று இரவே வாங்கிவைத்திருந்தார். மணலில் இறங்குமுன் நான்கு சக்கரத்திலும் பாதிக் காற்றைத் திறந்துவிட்டார். டயர் சப்பையானால்தான் மணலில் அகலமாக உட்காரும், புதையாது என்று கைவிரலை விரித்துக் காட்டினார். அப்படியும் ஓரிடத்தில் புதைந்தோம். அவர் சக்கரத்தடியில் பலகை வைக்க, நான் மண்வெட்டியால் மணலை வாரினேன். அத்தை இறங்கி, இதுதான் சாக்கு என்று, பக்கத்து மேட்டுக்குப் போய்விட்டார். வண்டி வெளியே வந்தபோது அவர் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். சரியாகச் சொன்னால் மரத்தின்மேல். கல்லாகிக் கிடந்த அடிமரம். வரிவரியாக நார், முடிச்சு விழுந்த இடம், எல்லாம் அப்படியே. தட்டினால் மட்டும் கல்.

இந்த மேடுகள் 3 கோடி ஆண்டுகளுக்கும் சற்று முந்தியவை. அப்போது கடல் வடக்கே பின்வாங்கிவிட்டது. இங்கே ஆறுகள், சதுப்பு, மழைக்காடு. காட்டில் இருந்தவர்களில் பெரியவர் ஆர்சினோதீரியம். இன்றைய காண்டாமிருக அளவு. மூக்கின்மேல் இரண்டு கொம்புகள், காண்டாமிருகத்துக்குப்போல் ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல், ஏர்மாடுகள் மாதிரி பக்கம் பக்கமாக. காண்டாமிருகத்தின் கொம்பு நகம்போன்ற பொருள், எலும்பே இல்லை. இதற்கோ முழுக்க எலும்பு. ஆகவே காண்டாமிருகத்துக்கும் இதற்கும் உறவில்லை. யானை பக்கத்து உறவு. தாலமி மன்னர்கள் காலத்து அரசி ஆர்சினோயி பெயரில் இந்த மாவட்டம் அழைக்கப்பட்டதால் 1902இல் பீட்னெல் அந்தப் பெயரை வைத்தார். இரட்டைக் கொம்பு மிருகத்துக்குத் தன் பெயர் போகும் என்று அந்த அம்மாள் நினைத்திருக்க மாட்டார்.

ஆறேழு கிலோ எடையுள்ள ஒரு குரங்கும் இதே மேடுகளில் கிடைத்தது. ஈஜிப்டோபிதிகஸ். 1960களில் அதை எடுத்தவர் எல்வின் சைமன்ஸ், அமெரிக்கர். அதன்பின் பல பத்தாண்டுகள் இதே மணலுக்குத் திரும்பத் திரும்ப வந்தார். ஆப்பிரிக்க, ஆசியக் குரங்குகளும் வாலில்லாக் குரங்குகளும் நாமும் பிரிவதற்கு முன் நின்ற கிளையில் இந்தக் குரங்கும் உண்டு. அத்தைக்கு இதில் பெரிய ஆர்வமில்லை. "குரங்குக்கு எப்போதும் ஆள் இருக்கிறார்கள்" என்றார்.

எனக்கு இன்று பிடித்தது ஒரு சாலை. வீடான் எல்ஃபரஸ் என்ற இடத்தில் பழைய எகிப்தியர் பாசால்ட் வெட்டியிருக்கிறார்கள். கீசாவில் கூஃபு மன்னனின் கோயில் தரைக்குப் போனது அந்தக் கல். வெட்டிய கல்லை ஏரிக்கு இழுத்துவர 4,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்பாவிய பாதை போட்டார்கள். பக்கத்தில் எது கிடைத்ததோ அதைப் பாவினார்கள்: மணற்கல், சுண்ணாம்புக்கல், நடுநடுவே இந்தக் கல்மரமும். 3 கோடி ஆண்டு மரத்தைப் படியாகப் போட்டு அதன்மேல் ஆட்கள் கல் இழுத்துப் போயிருக்கிறார்கள். கல்லில் நார் ஓடுவதை அவர்களில் ஒருவனாவது குனிந்து பார்த்திருப்பான்.

இரவு துனிஸில் குளிர் எலும்பைத் துளைக்கிறது. கம்பளி மூன்று போர்த்தியும் போதவில்லை. நாளை திமிங்கலம்.

நாள் 4: வாதி அல்-ஹிதான்

வாதி என்றால் பள்ளத்தாக்கு. ஹிதான் என்றால் திமிங்கலங்கள். நடுவில் வாதி ரயான் ஏரிகளைத் தாண்டினோம். விவசாய வடிகால் நீரை 1970களில் பாலைக்குள் திருப்பிவிட்டதால் உண்டான ஏரிகள். இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு அருவி, பள்ளிச் சுற்றுலாக் கூட்டம், படகு, பாட்டு. அத்தை வண்டியை நிறுத்தவே விடவில்லை.

பள்ளத்தாக்கில் முதலில் கண்ணில் படுவது நிறம். வெளிர் மஞ்சள் பாறைகள், காற்று குடைந்து குடைந்து காளான் மாதிரி, தொன்னை மாதிரி. சத்தமே இல்லை. 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. எகிப்தில் கட்டடம், கல்லறை என்று இல்லாமல் இயற்கைக்காகச் சேர்ந்த முதல் இடம். வண்டி நுழைவாயிலோடு சரி. உள்ளே கற்களை வரிசையாக அடுக்கி வழி காட்டியிருக்கிறார்கள், நடக்க வேண்டும். அருங்காட்சியகம் வாசலிலேயே இருந்தது. காலும் அங்கேதான். ஆனால் அத்தை, "முதலில் வயல், அப்புறம் களஞ்சியம்" என்று நடக்கத் தொடங்கிவிட்டார்.

"அத்தை, மெதுவாக வாருங்கள்."

"நீ வேகமாக வா."

முதல் எலும்புக்கூடு கயிறு கட்டிய வேலிக்குள் மணல்மேல் அப்படியே கிடக்கிறது. முதுகெலும்பின் முள்ளெலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக, உரலைக் கவிழ்த்துவைத்த வரிசை மாதிரி. ஒவ்வொன்றும் உயரத்தைவிட நீளம் அதிகம். அதனால்தான் இந்த விலங்குக்குப் பாம்பு போன்ற உடல். அமெரிக்காவில் அலபாமா, லூசியானா பக்கம் இவற்றின் உறவுக்காரத் திமிங்கல எலும்புகள் வயலில் உழும்போது அடிக்கடி மேலே வரும். அங்கே குடியேறியவர்கள் கணப்பில் விறகு தாங்கவும் வீட்டு முட்டுக்கும் அவற்றை வைத்தார்கள். 1834இல் ரிச்சர்ட் ஹார்லன் இந்த எலும்புகளைப் பார்த்துக் கடல்பல்லி என்று முடிவுகட்டி, பசிலோசாரஸ், அதாவது பல்லி அரசன் என்று பெயரிட்டார். சில ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தில் ரிச்சர்ட் ஓவன் பல்லைப் பார்த்தார். கடைவாய்ப் பல்லுக்கு இரண்டு வேர். பல்லிக்கு ஏது இரட்டை வேர்? இது பாலூட்டி என்றார். நுகத்தடிப் பல் என்று பொருள்படும்படி சூக்ளோடன் என்ற புதுப் பெயரும் வைத்தார். ஆனால் முதலில் வைத்த பெயரே நிலைக்கும் என்பது விலங்கியல் விதி. ஆகவே இந்தத் திமிங்கலம் இன்றுவரை பதிவேட்டில் பல்லி. ரேஷன் கார்டில் பெயர் தப்பாக ஏறியவர்களுக்கு இந்த வலி புரியும்.

1845இல் ஆல்பர்ட் கோக் என்பவர் பல எலும்புக்கூடுகளை ஒட்டவைத்து 114 அடி நீளக் கடற்பாம்பு என்று நியூயார்க்கில் டிக்கெட் போட்டுக் காட்டினார். கூட்டம் வந்ததாம். வராமலா இருக்கும்.

வழியில் இன்னொரு காட்சி. தரையிலிருந்து கல் குச்சிகள் நெருக்கமாக நட்டுக்கொண்டு நிற்கின்றன, சுண்டுவிரல் உயரத்துக்கு. அத்தை ஒரு கணம் பார்த்தார். "பிச்சாவரம்!" என்றார். ஆமாம், அலையாத்தி மரத்தின் மூச்சுவேர். சேற்றுக்குள் காற்று கிடைக்காமல் மேலே நீட்டிக்கொள்ளுமே, அதே வேர், 3 கோடியே 70 லட்சம் ஆண்டு அளவில் பழையது. கரை அருகே இருந்திருக்கிறது, தண்ணீர் ஆழமில்லை. சுறாப் பற்கள், ஆமை, முதலை, ஆவுளியாவின் பழைய உறவினர்கள் எல்லாம் இதே மணலில் கிடைக்கின்றன. ஆவுளியா என்று சொன்னதும் அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

1902-03 குளிர்காலத்தில் பீட்னெல்தான் இங்கே முதலில் திமிங்கல எலும்பைக் கண்டவர். ஆனால் ஒட்டகப் பாதைகூட இல்லாத இடம் என்பதால் பல பத்தாண்டுகள் அப்படியே கிடந்தது. 1980களில் மிஷிகன் பல்கலைக்கழகத்தின் பிலிப் கிங்கரிச் சைமன்ஸோடு வந்து வரைபடம் போடத் தொடங்கினார். இப்போது 400க்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் கணக்கில் இருக்கின்றன. 1989இல் அவர்களும் கிங்கரிச்சின் மனைவி ஹாலி ஸ்மித்தும் கண்டதைத்தான் நாங்கள் பார்க்க வந்தோம். அதுவரை பின்னங்கால் யாருக்கும் கிடைக்காததற்குக் காரணம் எளிது: தேடிய இடம் தப்பு. உடல் அவ்வளவு நீளம் என்பதால் இடுப்பு எங்கேயோ பின்னால் இருந்தது. ஒரு முழங்கால் கிடைத்து இடம் பிடிபட்டதும், மற்ற எலும்புக்கூடுகளில் அதே இடத்தைத் தோண்டினார்கள். வந்தது.

திரும்பி நடந்து அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தபோது மணி மூன்று. பாதி மண்ணுக்குள் இறங்கிய வட்டக் கட்டடம். 2016இல் திறந்தது. நடுவில் 18 மீட்டர் நீளத்துக்கு அந்த பசிலோசாரஸ். ஒன்றரை டவுன் பஸ் நீளம் இருக்கும். தலையிலிருந்து மெல்ல நடந்தோம். முன்பல் குத்தூசி, கடைவாய்ப்பல் ரம்பம். துடுப்பாகிப்போன கை, அதில் முழங்கை மடிகிறது. விலா, விலா, விலா. பிறகு வெறும் முதுகெலும்பு நீண்டுகொண்டே போகிறது. வால் வரப்போகிறது என்று நினைத்த இடத்தில் அத்தை நின்றுவிட்டார்.

இருந்தது. 18 மீட்டர் உடம்புக்கு என் கை நீளம்கூட வராத ஒரு கால். தொடையெலும்பு, சிறு முழங்கால் சில்லு, கெண்டை எலும்பு, கணுக்கால், மூன்று விரல். எதுவும் விட்டுப்போகவில்லை. எல்லாம் சிறுத்துவிட்டது, அவ்வளவுதான். இதை வைத்து நடக்க முடியாது. முதுகெலும்போடு இடுப்பெலும்பு சேரவே இல்லை. இணையும்போது பற்றிக்கொள்ள உதவியிருக்கலாம் என்று கிங்கரிச் கருதினார்.

அத்தை பேசவில்லை. பூதக்கண்ணாடியை எடுக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மூன்று விரல்களையும் எண்ணினார், சின்னப் பிள்ளைக்கு எண்ணுவதுபோல விரல் நீட்டி, ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு, "முழங்கால் சில்லுகூட இருக்கிறதே" என்றார். அவருக்கு முழங்காலில் தேய்மானம், தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அதே திமிங்கலத்தின் வயிற்றில் இருந்தவையும் அங்கே இருக்கின்றன. மீன் எலும்புகள், அவற்றோடு டோருடோன் குட்டிகளின் எலும்புகள். டோருடோன் ஐந்து மீட்டர் நீளமுள்ள இன்னொரு திமிங்கலம். ஒரு காலத்தில் அதை பசிலோசாரஸின் குட்டி என்றே நினைத்திருந்தார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் டோருடோன் குட்டிகள் நிறையக் கிடைக்கின்றன, கடித்த பல்தடத்தோடு மண்டையோடுகளும் கிடைத்தன. அமைதியான ஆழம் குறைந்த நீருக்கு அவை குட்டி போட வந்திருக்க வேண்டும். பசிலோசாரஸும் அது தெரிந்து வந்திருக்கிறது. வயிற்றில் இருந்ததைப் பற்றிய ஆய்வு 2019இல் வெளியானது.

நம் பழைய அகராதியில் ஒரு சொல் இருக்கிறது. திமி என்பது பெருமீன். திமியை விழுங்குவது திமிங்கிலம். அந்தத் திமிங்கிலத்தையும் விழுங்குவது திமிங்கிலகிலம். புராணக்காரர்களின் மிகை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். திமிங்கலத்தைத் தின்ற திமிங்கலத்தின் வயிற்றெதிரே நின்றுகொண்டு அத்தையிடம் சொன்னேன். "இதற்கு அந்தப் பேரை வைத்திருக்கலாம். பல்லிக்கு எவ்வளவோ மேல்" என்றார்.

காலை முழுசாக வைத்திருந்த திமிங்கலங்களும் இந்த ஃபயூமில் கிடைத்திருக்கின்றன. மன்சூரா பல்கலைக்கழகத்தில் ஹிஷாம் சல்லாம் உருவாக்கிய குழு, எகிப்தியர்களே, 2021இல் ஃபியோமிசெட்டஸ் அனூபிஸ் என்ற ஒன்றை அறிவித்தார்கள். 4 கோடியே 30 லட்சம் ஆண்டு, மூன்று மீட்டர் நீளம், நிலத்திலும் நீரிலும் திரிந்தது. பிணத்தைக் காக்கும் நரித்தலைக் கடவுளின் பெயர். 

இரவு பள்ளத்தாக்கின் ஓரத்தில் கூடாரம். ஓட்டுநர் தேநீர் போட்டார், கறுப்பாக, சர்க்கரை மூன்று கரண்டி. அத்தை எனக்குப் பாடம் எடுத்தார், கூடவே ஓட்டுநருக்கும், நான் ஆங்கிலத்தில் சொல்ல அவர் தலையாட்டினார். திமிங்கலத்தின் முன்னோருக்குப் பங்காளி எது? பதில் நம் காஷ்மீரத்து மலையில் கிடைத்தது. ரங்கா ராவ் என்ற நிலவியலாளர் காலாகோட் பக்கத்தில் எடுத்த பாறைகளை உடைக்காமலே இறந்துபோனார். அவர் மனைவி அவற்றைப் பத்திரமாக வைத்திருந்து, பிறகு அமெரிக்க ஆய்வாளர் ஹான்ஸ் தெவிஸனிடம் கொடுத்தார். பாறைக்குள் இண்டோஹயஸ் இருந்தது. பூனையைவிடச் சற்றுப் பெரிய உடல், சருகுமான் சாயல், ஒல்லிக் கால், குளம்பு. காதெலும்பின் உட்சுவர் மட்டும் தடித்திருந்தது. திமிங்கலங்களுக்கு மட்டுமே உரியது என்று அதுவரை நினைத்த அடையாளம். 2007இல் அறிவித்தார்கள்.

"கணுக்காலையும் சொல்" என்றார் அத்தை. 2001இல் பாகிஸ்தானில் கிடைத்த பழைய திமிங்கலங்களின் கணுக்கால் எலும்பு, மேலே ஒரு கப்பி, கீழே ஒரு கப்பி என்று இரட்டை உருளையாக இருந்தது. ஆடு, மாடு, மான், பன்றி, நீர்யானை போன்ற இரட்டைப்படைக் குளம்பு விலங்குகளுக்கு மட்டுமே அப்படி இருக்கும். இன்று உயிரோடு இருப்பவற்றில் திமிங்கலத்துக்கு மிக நெருங்கிய சொந்தம் நீர்யானை. "ஆட்டுக்கால் சூப்பில் உறிஞ்சிப்போட்டுத் தூக்கி எறிகிறோமே, அந்தக் குடும்பத்து எலும்புதான்" என்றார் அத்தை. ஓட்டுநருக்கு இதை மொழிபெயர்த்தேன். அவர் கண் விரிந்தது. "கவாரே!" என்றார். இங்கேயும் கால் சூப் உண்டாம்.

நெருப்பு அணைந்தபின் ஒரு நரி வந்தது. காது உடம்பைவிடப் பெரிதோ என்று தோன்றும் நரி. ரொட்டித் துண்டை எடுத்துக்கொண்டு, 4 கோடி ஆண்டுக் கடலடியில் சத்தமில்லாமல் நடந்து போயிற்று.

நாள் 5: கெய்ரோ

பகல் முழுக்கப் பயணம், நெரிசல், தூசி. எழுத ஒன்றுமில்லை.

மாலையில் ஓட்டுநர் எங்களை ஒரு கவாரே கடைக்கு அழைத்துப் போனார், பணம் கொடுக்கவும் விடவில்லை. மாட்டுக்கால், நன்றாக வெந்து பசை பசையாக. அத்தை சூப்பைவிட எலும்பில்தான் கண்ணாக இருந்தார். ஒவ்வொன்றாகத் தட்டோரம் அடுக்கினார். அவர் தேடியது அதில் இல்லை. கணுவுக்குக் கீழேயே வெட்டிவிட்டார்கள். பரிமாறிய பையன் ஏதோ குறை என்று பயந்து முதலாளியைக் கூட்டிவந்தான்.

ஓட்டுநர் விஷயத்தைச் சொன்னதும் முதலாளி சிரித்துவிட்டு எதிர்க் கசாப்புக் கடைக்கு ஆள் அனுப்பினார். பத்து நிமிடத்தில் காகிதத்தில் சுற்றி வந்தது. ஆட்டுக் கணுக்கால் எலும்பு, இன்னும் சதை ஒட்டிக்கொண்டு. பண்டை எகிப்தியர் இதை உருட்டித் தாயம் ஆடியிருக்கிறார்கள். துத்தன்காமுன் கல்லறைக்குள்கூட விளையாட்டுப் பெட்டியோடு இது இருந்தது.

இதை எழுதும்போது அத்தை விடுதியின் கைகழுவும் தொட்டியில் பல்துலக்கும் பிரஷ்ஷால் அதைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். என் பிரஷ். "விமானத்தில் விடுவார்களா அத்தை?" என்று கேட்டேன்.

"கேட்டால் கணுக்கால் என்று சொல்லு. எந்த விலங்கு என்று கேட்டால் என்னிடம் அனுப்பு."